மாவுக்கட்டும் மூன்று கையெழுத்தும்

தமிழ்நாட்டின் காவல் நிலையக் கழிப்பறைகளில் வழுக்கி விழுகிறவர்கள் எல்லோரும் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். ஏட்டு விழுவதில்லை. ரைட்டர் விழுவதில்லை. ராத்திரி முழுக்கப் பாரா நின்று கண் சொருகிப் போன காவலர்கூட அந்தத் தரையில் பத்திரமாக நடந்து போய்த் திரும்பிவிடுகிறார். பிடித்து வரப்பட்ட ஆள் உள்ளே போனால்தான் வலது கை முறிகிறது. ஆள் கொஞ்சம் பெரிய ரவுடியாக இருந்தால் இடது காலும் சேர்ந்து. மறுநாள் மாவுக்கட்டோடு ஒரு படம் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. கீழே சிரிப்புப் பொம்மைகள், 'தரமான சம்பவம்' என்ற பாராட்டுகள்.

சென்னை உயர் நீதிமன்றமே 2025-இல் ஒரு வழக்கில் இதைக் கேட்டுவிட்டது: காவல் நிலையக் கழிப்பறைகள் கைதிகள் மட்டும் வழுக்கி விழுகிற மாதிரிதான் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று. அந்தக் கேள்வியையும் நாம் மீமாக்கிச் சிரித்தோம்.

இந்தக் கதைக்குக் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கும் இருக்கிறது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாசல், லாக்கப், நடைவழி, ஆய்வாளர் அறை என்று இடம் இடமாகப் பட்டியல் போட்டது. இருட்டிலும் படம் பிடிக்க வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டால் ஓராண்டாவது என்றது. கழிப்பறைக்கு மட்டும் வெளியே வைத்தால் போதும். மனிதனின் மானத்தைக் காக்க விட்ட அந்த ஓர் இடைவெளிக்குள்தான் இப்போது எல்லா எலும்புகளும் முறிகின்றன, குறைந்தபட்சம் பேப்பரில்.

நான் கீழமை நீதிமன்றங்களில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். போலீஸை ஒட்டுமொத்தமாக வெறுக்கிற கூட்டத்தில் எனக்கு இடமில்லை. பத்து மணி நேரம் வெயிலில் பந்தோபஸ்து நின்றுவிட்டு, ராத்திரி திருட்டு வழக்குக்கு ஓடுகிற காவலர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் காவலில் நடக்கும் வன்முறையைப் பற்றி நாம் பேசும் விதம் எப்போதும் இரண்டே வரிதான்: 'அடித்தவனைத் தூக்கில் போடு' அல்லது 'அடித்தால்தான் உண்மை வரும்'. அடிக்கும் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அடியை மறைத்துத் தரும் கைகள் மூன்று இருக்கின்றன. அவை போலீஸின் கைகள் அல்ல. அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன், ஏன் அடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோபம், சாதித் திமிர், மேலிடத்து அழுத்தம், பணம் எல்லாம் உண்டு. ஆனால் காவலில் செத்தவர்களின் கதைகளைப் படித்துப் பார்த்தால் கொலைக் குற்றவாளிகளைவிடத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். காரணம், திருட்டு வழக்கில் போலீஸுக்கு வேண்டியது ஆள் இல்லை, பொருள். 'ரெக்கவரி' காட்ட வேண்டும். நகையைப் பறிகொடுத்தவர்கள் தினமும் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள். 'சார், ரெண்டு தட்டு தட்டி விசாரிங்க' என்று சொல்வதும் அவர்கள்தான். நல்ல மனிதர்கள், படித்தவர்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் மேல் சந்தேகம் என்று சொல்லிவிட்டு இந்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். என் அலுவலகத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

சட்டமும் அதற்கு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். அந்த விதி வந்த கதை நம் ஊர்க் கதை. சென்னை ராஜதானியில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஓர் ஆணையம் அமைத்தது. 1855-இல் அறிக்கை வந்தது. வரி வசூலுக்கும் திருட்டு விசாரணைக்கும் கிட்டி போட்டு விரலை நெரிப்பது, அண்ணந்தாள் என்று கழுத்தைக் காலோடு சேர்த்துக் குனியக் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று அதில் வரும் பட்டியலை இன்றைக்கும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. வரி வசூலித்த ஆளும் போலீஸ் வேலை பார்த்த ஆளும் ஒருவராகவே இருந்தது கேடு என்றார்கள். 1859-இல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸிடம் தந்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861-இல் எழுதப்பட்டு, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவாக உட்கார்ந்தது.

இரண்டு பிரிவு தள்ளி 27 வந்தது. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்த அளவுக்கு அவன் சொன்னது செல்லும். ஆக, 'நான்தான் எடுத்தேன்' என்பதற்கு மதிப்பில்லை; 'கிணற்று மேட்டில் புதைத்திருக்கிறேன்' என்று சொல்லிப் பொருளும் கிடைத்துவிட்டால் வழக்கு நிற்கும். வாயிலிருந்து இடத்தைப் பிடுங்கினால் போதும் என்று ஆகிவிட்டது. 2023-இல் இந்தச் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். பழைய 25, 26, 27 மூன்றையும் 23 என்ற ஒரே எண்ணுக்குள் போட்டார்கள். வாசல் அப்படியே இருக்கிறது.

சரி, கைகளுக்கு வருவோம்.

பிடிக்கப்பட்ட ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 22-ஆவது பிரிவு. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் போட்டது: கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், உடலில் உள்ள காயங்களை எழுதி இருதரப்பும் கையெழுத்து, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, காவலரின் பெயர்ப் பட்டை. எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் இவை எல்லாமே 'கைது' என்ற சொல்லிலிருந்து ஓடத் தொடங்கும் கடிகாரங்கள். அதனால்தான் நம் ஊரில் யாரையும் கைது செய்வதில்லை. 'விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்' என்று கூட்டிப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனவருக்கு வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாண்ட் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றிருந்தபோது கைது என்று பேப்பர் தயாராகும். நடுவிலிருந்த நேரத்தில் அந்த மனிதர் சட்டத்தின் கணக்கில் எங்கேயும் இல்லை.

அந்தக் காணாமல் போன நேரத்தைப் பிடிக்க மூத்த வக்கீல்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: தந்தி. ஆளைத் தூக்கிப் போன செய்தி வந்ததும் வீட்டுக்காரர்களைத் தபால் ஆபீசுக்கு அனுப்பி, மாஜிஸ்திரேட்டுக்கும் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தலைமை நீதிபதிக்கும் தந்தி அடிக்கச் சொல்வார்கள். யாரும் உடனே ஓடி வரப்போவதில்லை என்று தெரியும். தேதியும் நேரமும் போட்ட அரசு முத்திரை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். 'வியாழக்கிழமை கைது' என்ற பேப்பரைக் குறுக்கு விசாரணையில் உடைக்க அந்தச் செவ்வாய்க்கிழமைத் தந்தி போதும். அது இருப்பது தெரிந்தாலே ஸ்டேஷனில் கை கொஞ்சம் அடங்கும். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடிவிட்டார்கள். இப்போது மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறோம். கூடவே ஸ்டேஷன் வாசலில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

கைது பேப்பரில் வந்த பிறகு முதல் கை டாக்டருடையது. ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பும் உத்தரவுக்கு, முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள். புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நிற்கும், பணியில் ஒரே டாக்டர். பக்கத்தில் சீருடையில் இருவர். 'ஏதாவது அடி பட்டிருக்கா?' என்று அவர்கள் முன்னாலேயே கேட்டால் என்ன பதில் வரும்? பல சமயம் அதுகூடக் கேட்கப்படுவதில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் பார்த்ததை எழுதினால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டும், இன்றைக்கே ஓர் ஆய்வாளரின் போன் வரும். எழுதாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. 'ரிமாண்டுக்குத் தகுதி'. கையெழுத்து.

இரண்டாவது கை மாஜிஸ்திரேட்டுடையது. இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதனால் கோபமும் இங்கேதான் அதிகம். ராத்திரி நேரம், நீதிபதி குடியிருப்பின் வராந்தா. ஜீப்பிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்துவார்கள். பெயர், தகப்பன் பெயர், எதற்குக் கைது என்று தெரியுமா, வக்கீல் இருக்கிறாரா, போலீஸ் அடித்தார்களா. கடைசிக் கேள்வி வரும்போது பக்கத்தில் நிற்கும் காவலரின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, 'இல்லைங்கய்யா' என்பான். உத்தரவில் ஒரு வரி ஏறும்: துன்புறுத்தல் குறித்துப் புகார் ஏதுமில்லை. இது பல கோர்ட்டுகளில் முன்கூட்டியே அச்சான வரி. ஒருமுறை ஒரு பையன் நொண்டிக்கொண்டே வந்து நின்றான், நொண்டிக்கொண்டே திரும்பிப் போனான். அந்த வரி அவனுக்கும் இருந்தது. நான் எழுந்து சொன்ன பிறகு காலைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு அங்கே இருந்தது தற்செயல்.

அவன் ஏன் 'இல்லை' என்கிறான் என்பதை யோசிக்க வேண்டும். ஜீப்பில் வரும்போதே சொல்லியிருப்பார்கள்: வாயைத் திறந்தால் சிறையிலிருந்து மறுபடி போலீஸ் கஸ்டடியில் எடுப்போம். முன்பெல்லாம் போலீஸ் கஸ்டடி ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள் முடிந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அதே 15 நாளை வழக்கின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். மிரட்டலின் ஆயுளைச் சட்டமே நீட்டிக் கொடுத்திருக்கிறது. இதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை; எனக்கு இது கேமராவைவிட முக்கியமான விஷயமாகப் படுகிறது.

மூன்றாவது கை சிறை அலுவலருடையது. மூன்றில் இதுதான் கொஞ்சம் நேர்மையாக எழுதும். தர்மசிந்தனையால் அல்ல. காயத்தோடு வந்தவனைக் காயம் என்று எழுதாமல் உள்ளே விட்டால், அவன் உள்ளே செத்தால் பழி தன் தலையில் விழும் என்ற பயம். அந்தப் பயம் நல்ல பயம். மற்ற இரண்டு கைகளுக்கும் அது இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

சாத்தான்குளத்தை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 சாயங்காலம், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்ததாகச் சொல்லித் தந்தையைக் கூட்டிப் போனார்கள். கேட்கப் போன மகனும் உள்ளே போனார். விடிய விடிய அடி. மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் நனைந்த வேட்டியையும் லுங்கியையும் மாற்றி மாற்றிக் கொடுத்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். தகுதிச் சான்று கிடைத்தது. ரிமாண்டின்போது நீதிபதி அவர்களை அருகில் அழைத்துப் பார்க்கவில்லை, தூரத்திலிருந்தே அனுப்பிவிட்டார் என்று வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22-ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார், 23 காலையில் தந்தை. ஸ்டேஷனுக்கு வெளியே, சட்டம் தெரிந்த, படித்த மனிதர்களின் கையைத் தாண்டித்தான் அந்த இருவரும் சிறைக்குப் போனார்கள்.

அதே ஊரில் இதற்கு எதிர்ப் பக்கமும் நடந்தது. விசாரணைக்குப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை ஒரு காவலர் ஒருமையில், அச்சிட முடியாத வார்த்தையில் பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார் மாஜிஸ்திரேட். ஸ்டேஷன் கேமராவில் இடம் தாராளமாக இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்ததையும் எழுதினார். அந்த ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தடயங்களைக் காக்க ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறகு வந்த சி.பி.ஐ. கொலைக் குற்றப்பத்திரிகை போட்டது. இரண்டு பேர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியதில்தான் எல்லாம் தொடங்கியது.

கேமராவின் எல்லை என்ன என்பதை 2025 ஜூனில் திருப்புவனத்தில் பார்த்தோம். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் இளம் காவலாளி. பக்தர் காரில் நகை காணாமல் போன புகார், மறுபடியும் ரெக்கவரி. அடித்தது ஸ்டேஷனில் இல்லை, அதனால் ஸ்டேஷன் கேமராவுக்கு வேலையே இல்லை. சாதாரண உடையில் வந்த தனிப்படை, கோயில் அலுவலகத்தின் பின்பக்கம் வைத்து அடித்தது. ஒருவர் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு ஜன்னல் வழியாகச் செல்போனில் எடுத்த சில நொடிப் படம்தான் வெளியே வந்தது. உடற்கூராய்வில் நாற்பதுக்கு மேற்பட்ட காயங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று மதுரைக் கிளை கேட்டது. முதலமைச்சர் தாயிடம் போனில் மன்னிப்புக் கேட்டார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த ஜன்னலில் ஆள் இல்லாமல் போயிருந்தால், தப்பி ஓடும்போது விழுந்து வலிப்பு வந்தது என்ற மாதிரி ஒரு கதை பேப்பரில் ஏறி, வழக்கமான இடங்களில் வழக்கமான கையெழுத்துகள் விழுந்திருக்கும்.

சம்பவத்துக்குப் பிறகு நடப்பதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆர்வமில்லை. உங்களுக்கும் மனப்பாடமாகத் தெரியும். ஆயுதப்படைக்கு மாற்றம், இடைநீக்கம், ஆர்.டி.ஓ. விசாரணை, நிவாரணத் தொகை. 1993-இல் ஒடிசாவின் நீலபதி பெஹரா வழக்கில் காவலில் இறந்த மகனுக்காகத் தாய்க்கு 1,50,000 ரூபாய் இழப்பீடு தந்தது உச்ச நீதிமன்றம். அரசே பொறுப்பு என்ற கொள்கை அங்கே உறுதிப்பட்டது. நல்ல கொள்கை. ஆனால் பணம் நம் வரியிலிருந்து போகிறது, அடித்தவர் பையிலிருந்து போவது அபூர்வம். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் போலீஸ் மேல் வரும் புகார்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்டவரே ஓய்வுபெற்ற டி.ஜி.பி. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டது: மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர், மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மாமியார் மேல் புகார் கொடுக்க மாமனாரிடமே மனு எழுதுகிற கதை.

அடிக்காமல் விசாரிக்க முடியுமா என்று காவல்துறை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயிற்சிப் பள்ளியில் கவாத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்வாசிகூடக் கேள்வி கேட்கும் கலைக்கு ஒதுக்காமல், 'பொருளோடு வா' என்று அனுப்பினால் கை தானாக லத்திக்குப் போகும். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அடித்து வாங்கிய வாக்குமூலங்களில் அப்பாவிகள் சிறைக்குப் போனார்கள். 1984-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: பிடித்து வந்த ஆளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் அந்த வழக்கின் விசாரணையில் இருக்கக் கூடாது. சாப்பிட்டானா, தூங்கினானா, டாக்டர் பார்த்தாரா, எத்தனை மணிக்கு யார் கேள்வி கேட்டார்கள் என்று எழுதுவது அவர் வேலை. தவறினால் அவர் தலை போகும். விசாரணையை ஒலிப்பதிவு செய்வதற்கும் அந்தச் சட்டமே வழி வகுத்தது. நம் ஸ்டேஷன்களில் ரைட்டரும் இருக்கிறார், பொது நாட்குறிப்பும் இருக்கிறது. அந்த ரைட்டர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் வித்தியாசம். இங்கே அவர் அடிக்கச் சொன்ன ஆய்வாளருக்கே கட்டுப்பட்டவர்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தங்கிக் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் இன்னொரு வரைவு கொடுத்தது. அதுவும் அலமாரியில் இருக்கிறது.

அந்த வரைவுகளைவிடப் பழைய, எளிய யோசனை ஒன்று உண்டு. 1985-இல், உத்தரப் பிரதேசத்துக் காவல் மரணம் ஒன்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்டு எழுதிய பிறகு, சட்ட ஆணையம் தன் 113-ஆவது அறிக்கையில் சாட்சியச் சட்டத்தில் 114பி என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. காவலில் இருந்தபோது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டதாகச் சாட்சியம் இருந்தால், அதை ஏற்படுத்தியவர் அவரைக் காவலில் வைத்திருந்த போலீஸ் அதிகாரியே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லை, வழுக்கித்தான் விழுந்தான் என்றால் அதை அவர் காட்டட்டும். அப்படி அனுமானிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் அந்த வரைவு சொன்னது: எவ்வளவு நேரம் காவலில் இருந்தார், காயம் எப்படி வந்தது என்று அவரே என்ன சொன்னார், பரிசோதித்த டாக்டர் என்ன சொல்கிறார், வாக்குமூலம் பதிவு செய்த மாஜிஸ்திரேட் என்ன சொல்கிறார். இந்தப் பிரிவு வந்தால் ஆஸ்பத்திரியிலும் நீதிபதி வீட்டு வராந்தாவிலும் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் எடை வந்துவிடும். காலை நீட்டச் சொல்லிப் பார்க்க டாக்டருக்கும் ஒரு காரணம் கிடைக்கும், ஜீப்பில் வந்தவர்களைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். 1994-இல் சட்ட ஆணையம் இதை மறுபடியும் பரிந்துரைத்தது. 2023-இல் சாட்சியச் சட்டத்தை முழுதாகப் பிரித்துப் புதிதாக எழுதியபோது, எண்களை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள், மின்னணு ஆவணங்களுக்கு விரிவாக இடம் ஒதுக்கினார்கள். 114பி அதிலும் இல்லை.